எல்லா அம்பும் ஒரே பக்கம்

என் முரட்டு அப்பாவுக்கு,

முதலில் சேதி. நீ ஜெயிச்சுட்ட பா. நேற்று காலை, வல்லம் வடகால் பிளாண்டின் மீட்டிங் ரூமில், பாலு சார் வாயாலேயே ஒத்துக்கொண்டார். எந்த பாலு சார்? "குடிச்ச கை நடுங்குது, அதான் ஓட்டை தள்ளி விழுது" என்று சொல்லி உன்னை டிரில்லிங் மெஷினிலிருந்து பேக்கிங்குக்குத் தள்ளினாரே, அதே சூப்பர்வைசர்.

நீ குடியை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. யார் நம்பினார்கள்? நானே நம்பவில்லையே. அன்று நீ வீட்டுக்கு வந்ததும், "எங்க, ஊது" என்று உன் வாயை மோந்து பார்த்தேன். ஊதினாய். "டீதாம்மா குடிச்சேன்" என்றாய். கை கழுவப் போனாய். எட்டே மாசத்தில் நெஞ்சுவலியில் போயும்விட்டாய். அந்த ஒரு 'ஊது'வை நான் எங்கே கொண்டுபோய் வைக்கட்டும்?

காலேஜைப் பாதியில் விட்ட நான், உன் கம்பெனியிலேயே குவாலிட்டி ரூமில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தேன். எந்த பீஸில் ஓட்டை எங்கே விழுந்தது என்ற அளவெல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் கிடக்கிறது. உன் ஷிப்டும் கிடந்தது. ஆர் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் பா, எண்ணைக் கொடுத்தால் படம் போடும். ஷிப்ட் பஸ்ஸில் போனைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். உன் ஓட்டைகளைப் புள்ளிபுள்ளியாகப் போட்டேன். குறித்த இடத்தை விட்டுத் தள்ளித் தள்ளிக் கிடந்தன. நடுங்கிய கைதானோ?

அப்புறம்தான் உறைத்தது. புள்ளி, எங்கே விழுந்தது என்றுதான் சொல்லும். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்ல அம்பு வேண்டும். பீஸ்களை வந்த வரிசையில் நிறுத்தி, ஓட்டை விழவேண்டிய இடத்திலிருந்து விழுந்த இடத்துக்கு ஒவ்வொரு அம்பு விட்டேன்.

என் அவசரம்தான் உனக்குத் தெரியுமே. சரிபார்க்காமல் நேற்று மீட்டிங்கில் காட்டிவிட்டேன். அம்புத் தலையெல்லாம் வால் பக்கம் இருந்தது.

"இன்னாமா, ஓட்டைங்கல்லாம் கோச்சிகினு வூட்டுக்குத் திரும்புதா?" என்றார் பாலு சார். ஒரே சிரிப்பு.

நெட்டிலிருந்து காப்பி அடித்த கட்டளை வரியில், தலை எந்த முனையில் என்று சொல்கிற இடத்தில் ஒரு 1 இருந்தது. அங்கேயே 2 என்று மாற்றினேன். அத்தனை அம்பும் படக்கென்று திரும்பின. எல்லாம் வலப்பக்கம், கீழே.

"நடுங்குற கைன்னா நாலா பக்கமும் போவும் சார். இது ஒரே பக்கம் போவுது. ஷிப்ட் ஓட ஓட நீளுது."

"அது உங்கப்பன் கை பழக்கம்மா."

"அப்ப இது?" உனக்குப் பிறகு அந்த மெஷினில் நிற்கிற குமார் அண்ணனின் பீஸ்களை நீலத்தில் போட்டேன். அதே பக்கம், அதே நீளம்.

குமார் அண்ணன் மூலையிலிருந்து, "சார், நான் சோடா கூட குடிக்கறதில்ல" என்றார்.

மெயின்டனன்ஸ் ஆள் போய்ப் பார்த்தார். பீஸைப் பிடித்து வைக்கிற கிளாம்ப்பின் போல்ட், ஷிப்ட் ஆரம்பத்தில் இறுக்கினாலும் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறதாம். போல்ட் பா! உன் கை இல்லை, போல்ட்!

"நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார் பாலு சார். நான் விடவில்லை. "எழுதிக் குடுங்க சார், அப்பா பேரப் போட்டு." எழுதினார். இன்று அது என் படத்தோடு உன் மெஷின் பக்கத்து போர்டில் தொங்குகிறது.

இன்னொன்று சொல்ல மறந்தேன். உன் ஷிப்டின் முதல் சில பீஸுக்கு அம்பே வரவில்லை. 'நீளமே இல்லாத அம்பு, திசை தெரியவில்லை, விட்டுவிட்டேன்' என்று சாஃப்ட்வேர் எச்சரித்தது. பதறிப்போய் அளவைப் பார்த்தேன். போல்ட் இறுக்கமாக இருந்தபோது நீ போட்டவை அவை. இம்மிகூட விலகவில்லை. வரைய அம்பே இல்லை பா.

இனி யாரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் வாயை மோந்து பார்க்க மாட்டேன். முதலில் அம்பு போட்டுப் பார்ப்பேன். சத்தியம்.

உன்னை ஊதச் சொன்ன மகள்,
ரேவதி