நான் எடுக்கச் சொன்ன பாடம்

ஆகஸ்ட் 6, புதன்

அங்கீகாரக் கமிட்டி வருகிறதாம். துறைத் தலைவர் நாகப்பன் சார் ஆளுக்கொரு ஃபைலைத் தலையில் கட்டினார். எனக்கு மாணவர் ஆலோசனை. மூன்று வருஷத்தில் யாருக்கு என்ன சொன்னேன், பிறகு அவர்கள் என்ன மார்க் வாங்கினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் என்று அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். படிவங்களைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: "நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது." கையெழுத்து மட்டும் அழகாகப் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மத்தியானம் சாப்பிடப் போகாமல் ஃபைலோடு உட்கார்ந்தேன்.

டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்த பதினொரு பேரை ரோபாட்டிக்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சுற்றிலும் கம்பெனிகள், உடனே வேலை கிடைக்கும் என்று. எட்டுப் பேர் அரியர். முதல் ஆண்டிலிருந்து படித்த முப்பது பேரில் இரண்டே பேர்தான்.

கல்லூரித் தேர்வுத் தாள்களைப் புரட்டினேன். எட்டுப் பேரும் விழுந்தது ஒரே இடத்தில் — மேட்ரிக்ஸ் கணக்கு. அது முதல் ஆண்டுப் பாடம். இவர்கள் அந்த வகுப்பில் உட்காரவே இல்லை. எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

"இத ஃபைல்ல வெக்காதீங்க வசுதா, உங்க பேருதான் கெடும்" என்றார் நாகப்பன் சார். நல்ல மனசோடுதான் சொன்னார். வைத்துவிட்டேன். இந்த வருஷ டிப்ளமோ பிள்ளைகளுக்கு முதலில் கணக்கு வகுப்பு நடத்தச் சம்மதித்தார். ஆனால் பழைய எட்டுப் பேர்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படப்பைக்கு, அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான மெர்சி வீட்டுக்குப் போனேன். அந்த ஒரு பேப்பரால் டிகிரி இல்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலை. மூன்று முறை எழுதிவிட்டாள்.

"நான்தான் மக்கு மேடம். நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள்.

"இல்லம்மா, தப்பு என்னுது" என்று தாள்களைக் காட்டினேன்.

"எட்டு பேருமா? நான் மட்டும்தான்னு நெனச்சிகினு கீறேன்..." அப்புறம் கோபம் வந்தது. "அப்பவே பாத்திருக்கலாம்ல மேடம்? ரெண்டு வருசமா எங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுதான் வெட்கம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மறுபடி எழுத மெர்சி ஒத்துக்கொண்டாள்; அவள் வார லீவில் எங்கள் வீட்டில் மேட்ரிக்ஸ் வகுப்பு. எட்டுப் பேரில் இன்னொருவனான நிலவனும் வந்தான். நான் ஒரு கூட்டலைத் தப்பாகப் போட, "மேடம், ஏழு" என்று மெர்சி திருத்தினாள்.

நவம்பர் 27, வியாழன்

மெர்சிக்கும் நிலவனுக்கும் பரீட்சை. எப்படி எழுதினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

பதினொரு மணிக்கு ரிசல்ட். நிலவனுக்கு நாலு மார்க்கில் போய்விட்டது. "அடுத்த தபா பாத்துக்கலாம் மேடம்" என்றான்.

மெர்சி பாஸ்.

கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். மெசேஜ் அனுப்ப மனமில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு கம்பெனி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மணி ஒன்று பத்து. ஷிஃப்ட் முடிய இன்னும் ஐம்பது நிமிஷம். அவளுக்கு இன்னும் தெரியாது.