கேட்டையில் இல்லாத கோடு

சேரன்மகாதேவி,
விரோதிகிருது வருஷம், ஆனி மாதம் 12ஆம் தேதி.

மலைமேல் வானசாஸ்திர சாலையில் உத்தியோகம் பார்க்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சண்முகசுந்தரி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே அத்தையும், பிரம்மநாயகி அக்காளும், கொழுந்தன் ஞானசம்பந்தனும், நானும் காந்திமதி அம்மன் கிருபையால் சுகம். தங்கள் சுகத்துக்கு எழுதவும்.

சாரல் விழுந்து கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவியாயிற்று. சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. சுகச்செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவதை உட்கார்ந்து வாசியுங்கள்.

நீங்கள் அத்தைக்கு எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. மாமா காலமானதிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிற கடிதத்தையெல்லாம் உரக்க வாசிப்பவள் நான்தான். இது உங்களுக்குத் தெரியாததா? பாளையங்கோட்டையில் படித்த மனைவி என்று சிநேகிதர்களிடம் பெருமை பேசியவர்தானே நீங்கள்? கூடத்தில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்காள் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன் கல்யாணச் செய்தி கேட்கும் ஆவலில் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். நான் வாசித்தேன்.

“கல்லிடைக்குறிச்சிப் பெண் நீலாம்பாள் கேட்டை நட்சத்திரம் என்று இப்போதுதான் அறிந்தேன். கேட்டைப் பெண் புருஷனுடைய மூத்தவனுக்கு ஆகாது. தம்பிக்கு மூத்தவனாக இப்போது இருப்பது நான் ஒருவன். ஆகையால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். நம் வீட்டுக்கு ஒரு கேட்டை போதும்.”

அந்தக் கடைசி வரியை என் வாயால், என் குரலில் வாசித்தேன். அந்த ஒரு கேட்டை நான். பாதியில் நிறுத்திவிடலாம் என்று நாக்கு தயங்கியது உண்மை. எழுதியவருக்கு இல்லாத கூச்சம் வாசிக்கிறவளுக்கு எதற்கு என்று முழுவதையும் வாசித்துவிட்டு, கடிதத்தை மடித்து அத்தை மடியில் வைத்தேன்.

அத்தை இந்தப் பெண்ணுக்குச் சம்மதித்ததே ஒரு விசித்திரம். “மூத்தவன்தான் போயாச்சே, இனிமே கேட்டை ஆரை என்ன செய்யும்?” என்று சொல்லித்தான் தாம்பூலம் மாற்றினார். இரண்டாவது பிள்ளை இப்போது மூத்தவன் ஸ்தானத்துக்கு வந்துவிட்டான் என்பது அவர் கணக்கில் வரவில்லை. எழுத்தறியாத அந்த அம்மாள் மறந்துபோனதை, மலையுச்சியில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் கணக்குப் போட்டு, நான் இருக்கிறேனே என்று கை தூக்கினீர்கள். நல்ல சாஸ்திரம் படித்தீர்கள், போங்கள்.

கடிதம் முடிந்ததும் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். “எம்புள்ள சரியாத்தான் எழுதுதான். ஒருத்தி வந்து ஒருத்தனக் கொண்டுபோனது போதாதா?” என்றார். மூத்தார் போன இந்த எட்டு வருஷமாக ஜாடையில் கேட்ட பேச்சுதான். அன்று நேராகவே வந்தது, உங்கள் கடிதத்தின் பலத்தில்.

அப்போது பிரம்மநாயகி அக்காள் பேசினாள். புருஷன் போனதிலிருந்து கூடத்துக்கு வந்து ஒரு வார்த்தை பேசாதவள், நிலையைத் தாண்டி வந்து அத்தைக்கு முன்னால் நின்றாள். “அத்தை, அவுகளுக்கு வாந்திபேதி கண்டது பாபநாசம் போய்ட்டு வந்த அன்னைக்கு. அந்த வாரம் நம்ம தெருவுல எத்தனை பாடை போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா? அத்தனை வீட்டுலயும் கேட்டை மருமவளா இருந்தா? தாலி அறுத்தவ நான். நான் இவள ஒருநாளும் ஒண்ணும் சொல்லலயே. நீங்க ஏன் சொல்லுதிய?” என்றாள். அக்காள் பைய அடுக்களைக்குள் திரும்பிப்போய் விட்ட வேலையைப் பார்த்தாள்.

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. எட்டு வருஷமாக அந்த வார்த்தையை நான் யாரிடமிருந்து எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

மறுநாளே பத்தமடை காஜா முகைதீன் கல்யாணப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். பட்டுப்போல மெல்லிய கோரை, ஓரத்தில் சிவப்பு, நடுவில் ஞானசம்பந்தன், நீலாம்பாள் என்று இரண்டு பெயரும் நெய்திருக்கிறது. சம்பந்தம் நின்றுபோகும்போல் இருக்கிறது என்று அத்தை இழுத்தார். பெண் பெயரை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். கேட்டாரே, அந்தக் கேள்வியை! “பேரு பாயோட சேந்துல்லா ஓடுது தாயி. உருவுனா பாயே போயிரும்” என்று காஜா முகைதீன் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் போய்ப் பாயை வாங்கி உள்ளே வைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீலாம்பாளின் தகப்பனார் தில்லைநாயகம் பிள்ளை ரயிலில் வந்து இறங்கினார். பாவம், மோர்கூடக் குடிக்கவில்லை. “ஆடி பொறக்குததுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க. இல்லேன்னா அம்பாசமுத்திரத்துக்காரருக்கே குடுத்துருதேன்” என்றார். அம்பாசமுத்திரத்துக்காரருக்கு ஐம்பது வயது. இரண்டு தாரம் இழந்தவர். ஆனால் அவருக்கு மூத்தவர் யாரும் உயிரோடு இல்லை. அது ஒன்றுதான் அவரிடம் உள்ள மாப்பிள்ளை லட்சணம். பத்தொன்பது வயதுவரை அந்தப் பெண்ணை வீட்டில் வைத்திருந்தது இந்த நட்சத்திரம். இப்போது கிழவனுக்குக் கொடுக்கப்போவது உங்கள் கடிதம்.

உங்கள் தம்பியோ, வாத்தியார் வேலை பார்க்கிறவன், பிள்ளைகளை அதட்டுகிற வாய் வீட்டில் திறக்கவில்லை. தனியாக என்னிடம் வந்து, “நீலாவத் தவிர வேற ஆரையும் கட்டமாட்டேன் மதினி. ஆனா அண்ணன் சரின்னு சொல்லாம தாலியத் தொடவும் மாட்டேன்” என்றான். சோறு சரியாக இறங்கவில்லை அவனுக்கு. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியை அவள் சுமப்பாளே என்று பயப்படுகிறான். என்னைப் பார்த்து வளர்ந்தவன் அல்லவா?

இனி உங்கள் உத்தியோகத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் இதே ஆனியில் எனக்கு எத்தனை சந்தோஷமாக எழுதினீர்கள்! நட்சத்திரத்தின் வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடி வழியே விட்டால் வானவில்லைப்போல விரிகிறது, அதைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து வைக்கிறோம், அதில் குறுக்கே கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கின்றன, ஒவ்வொரு கோடும் அங்கே எரிகிற ஒரு பொருளைக் காட்டிக்கொடுக்கிறது என்று எழுதினீர்கள். இங்கே இரும்பைப் பொறி பறக்க எரித்து, அதன் கோடுகளைப் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பதுதான் உங்கள் வேலை என்றும் எழுதினீர்கள். உன் நட்சத்திரம் கேட்டையைத்தான் இந்த மாதம் முழுவதும் அளக்கிறேன் என்று எழுதியபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

கேட்டை மகா பெரியது என்றீர்கள். சூரியனைப் பக்கத்தில் வைத்தால் கடுகாகத் தெரியும், அதன் கோடுகள் கூர்மையாக மெலிந்திருப்பதே அதற்கு அடையாளம் என்று உங்கள் ஆபீஸ் துரை சொல்கிறார் என்றீர்கள். சிவந்திருப்பது ஆறிக்கொண்டிருக்கும் கிழட்டு நட்சத்திரம் என்பதாலா, இனிமேல்தான் சூடேறப்போகிறது என்பதாலா என்று சீமையில் பெரியவர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள் என்றீர்கள். இன்று நாம் பார்க்கிற வெளிச்சம் நம் பூட்டனார் காலத்திலேயே அங்கிருந்து புறப்பட்டுவிட்டது என்றீர்கள். எல்லாவற்றையும் நம்பினேன். நான் பிறந்த அன்று சந்திரன் அந்தப் பக்கமாகப் போனான், அவ்வளவுதானே? பூட்டனார் காலத்தில் புறப்பட்ட வெளிச்சத்துக்குச் சேரன்மகாதேவியில் யார் யாருக்கு மூத்தவர் என்று எப்படித் தெரியும்?

கேட்டையில் இரும்பு இருக்கிறது என்று எழுதினீர்கள். சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று எழுதினீர்கள். மூத்தாரைக் கொல்லும் கோடு எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்று எழுதவில்லையே, ஏன்? சிவப்புப் பக்கமா, ஊதாப் பக்கமா? பூதக்கண்ணாடி வைத்து மயிரிழை மயிரிழையாக அளக்கிற கண்ணுக்கு அது தப்பியா போயிற்று? கேட்டைக்கு ஒட்டினாற்போல ஒரு சின்னப் பச்சை நட்சத்திரம் உண்டு, பெரிய தொலைநோக்குக் குழாயில்தான் தெரியும் என்றீர்களே, அத்தனை அருகில் இருக்கிற அதையே கேட்டை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் துரைக்கும் தம்பி இருந்தால், தம்பி பெண்சாதிக்கு என்ன நட்சத்திரம் என்று ஒரு வார்த்தை விசாரித்து எழுதுங்கள்.

பகலெல்லாம் அளந்தது ஆபீசோடு போயிற்று, அறைக்கு வந்து பேனாவை எடுத்தால் ஊர் ஜோசியர்தான் உங்கள் கையில் எழுதுகிறார். அவருக்காவது அது பிழைப்பு. உங்களுக்கு என்ன வந்தது?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மலைக்கு வருகிறேன் என்று நான் கேட்கும்போதெல்லாம், குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று எழுதுவீர்கள். என் மேலுள்ள கரிசனம் என்று நினைத்து, சால்வை பின்னி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளை இல்லை என்பதற்கும் இங்கே கேட்டையைத்தான் காட்டுகிறார்கள். வருஷத்தில் பதினோரு மாதம் நீங்கள் மலையில் இருப்பதைக் காட்டுவார் ஒருவரும் இல்லை. அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அந்த வாரத்திலிருந்தே நீங்கள் என்னைப் பற்றி இப்படித்தான் நினைத்தீர்களா? குளிருக்காகத்தானா என்னை இங்கே விட்டுவைத்தீர்கள்?

உங்களுக்கு ஒன்று ஆனால் முதலில் போவது என் தாலி. அந்த நானே சொல்கிறேன், அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வரட்டும்.

எனக்குத் தனியாகச் சமாதானம் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்கமாட்டேன். அத்தைக்கு எழுதுங்கள். நீலாம்பாளை எடுப்பதில் எனக்குச் சம்மதம் என்று எழுதுங்கள். அதன் கீழே, அண்ணனைக் கொண்டுபோனது வாந்திபேதி, என் மனைவி அல்ல என்று எழுதுங்கள். மனசார எழுத முடிந்தால் மட்டும் எழுதுங்கள். கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நான்தான் அதை உரக்க வாசிப்பேன்.

ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. நீலாம்பாளுக்கு மூத்தாராக நீங்கள் தலை நரைத்து, முதுகு வளைந்து, நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். எட்டு வருஷமாகத் தினமும் உங்கள் ஆயுசுக்குத்தான் விளக்கேற்றுகிறேன். இன்றும் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
கேட்டையில் பிறந்த தங்கள் மனைவி,
சண்முகசுந்தரி.