பின்படிக்கட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அன்று படி ஏறியதில் வலி கூடியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பங்களாவைச் சுற்றிப் பார்க்க வரும் கூட்டம் குறையவில்லை. மேற்குப் பக்கக் கூரைக்கு ஓடு மாற்றுகிறார்கள். பதினெட்டு வருஷம் நீ துடைத்த சாப்பாட்டு அறைக் கண்ணாடிகளுக்கு முன்னால் கயிறு கட்டி, யாரும் தொடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறோம்.

நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை.

நம் வீட்டு முதல் பட்டதாரி எப்படிப் பேசுகிறாள் என்று கேட்கும் ஆசையில், என்னிடம்கூடச் சொல்லாமல் டிக்கெட் வாங்கி, கூட்டத்தோடு வந்து நின்றாய். தினமும் சொல்வதையே அன்றும் சொன்னேன். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் ஒரு மர வியாபாரி கட்டியது. முன்படிக்கட்டில் படிகள் அகலம், உயரம் குறைவு. விருந்தாளிக்கு மூச்சு வாங்கக் கூடாது. சுவருக்குள்ளே ஜன்னலே இல்லாமல் செங்குத்தாக ஒரு பின்படிக்கட்டு. வேலைக்காரர்கள் முதலாளி கண்ணில் படக் கூடாது. பேய் மாதிரி வருவாங்க, பேய் மாதிரி போவாங்க என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அவர்களை முன்படி வழியாக அழைத்துப் போனேன். மாடிக்குப் போனால், பின்படிக்கட்டின் சுவர்க் கதவைத் திறந்துகொண்டு எங்களுக்கு முன்பே நீ நிற்கிறாய். புதுச் செருப்பு கையில். சத்தம் கேட்கக் கூடாதென்ற பழைய பழக்கம். டிக்கெட் வாங்கியும் முன்படியில் ஏற உனக்குக் கால் வரவில்லை. இதோ பேய் வந்தாச்சு என்றார் ஒருவர்.

கூட வந்த எங்கள் மேலாளர், யாரும்மா இவங்க என்று என்னைக் கேட்டார். முன்னாடி இங்க வேலை பார்த்தவங்க சார் என்றேன். அது பொய் இல்லை, அம்மா. அதனால்தான் இன்னும் அதிகமாகக் கூசுகிறது. என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "ஆமாங்க, மேடம் சொல்றது சரிதான்."

நான் வெளியே ஓடி வந்தபோது நீ ஏறிய பஸ் போயிருந்தது.

பேய்ப் பேச்சை இப்போது விட்டுவிட்டேன். அது பெரிய காரியம் இல்லை. வாயை மூடுவது எனக்கு எப்போதுமே சுலபம், திறப்பதுதான் கஷ்டம். மேலாளர் அறை வாசல்வரை போய், ஓடு வேலை எப்போது முடியும் சார் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். ஓட்டின் மேல் எனக்கு ரொம்ப அக்கறை என்று நினைத்திருப்பார்.

நீ எனக்கு யார் என்று அவரிடம் சொன்ன பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன். உன் கைக்கு வந்து சேர்ந்தால், சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். இதே மாதிரி முன்பு எழுதிய இரண்டு கடிதங்கள் என் பெட்டியில்தான் கிடக்கின்றன.

திட்டி ஒரு வரி எழுது, அம்மா. வாழ்த்தாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மகள்