முட்டுக் கொடுத்த நாற்காலி

அன்புள்ள இந்தாம்மாவுக்கு,

முப்பத்தாறு வருடமாக உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறேன். கடிதத்துக்காகப் புதிதாக ஒன்று வர மாட்டேன் என்கிறது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். சமையல் நடக்கிறது, வாயில் வைக்கிற மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

நீ மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து, போன் செய்தால் அவள்தான் எடுக்கிறாள். அம்மா தூங்குறாங்கப்பா என்கிறாள். காலை பத்து மணிக்கும் தூக்கம், மாலை ஐந்து மணிக்கும் தூக்கம். நீ பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் நாற்காலியைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். கோபப்படாதே. நீ வருவதற்குள் புது மெத்தை, புது உறை போட்டு அசத்தலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆணி ஆணியாகப் பிடுங்கியதில் கட்டைவிரலில் ரத்தம். மெத்தை இடுக்கிலிருந்து உன் ஹேர்பின் ஏழும், நீதான் தொலைத்தாய் என்று நான் சண்டை போட்ட பேனா மூடியும் கிடைத்தன.

பழைய ஸ்பாஞ்சை அளவுக்காகக் கடைக்கு எடுத்துப் போனேன். இடது பக்கம் நசுங்கிப் பொடியாக உதிர்கிறது. வலது பக்கம் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. கடைக்காரர் தடவிப் பார்த்துவிட்டு, இதுல உட்கார்றவங்களுக்கு வலது இடுப்புல ரொம்ப நாளா வலியா சார் என்று கேட்டார். உன்னை ஒரு தடவைகூடப் பார்க்காத மனுஷன் கேட்கிறார்.

வீட்டுக்கு வந்து அடியில் பார்த்தால் மெத்தையைத் தாங்கும் நாடாக்களில் இடது பக்கம் மூன்று அறுந்து தொங்குகிறது. அப்போதுதான் அந்த டைல்ஸ் துண்டு ஞாபகம் வந்தது. நீ இடது பக்கமாகச் சாய்ந்தே உட்காருவதைப் பார்த்து, நாற்காலிதான் இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டி, இடது கால்களுக்கு முட்டுக் கொடுத்தேனே, அது. ஊர்ல பாதி வீட்டுக்குத் தரை போட்டவன், என் கண்ணு தப்பாது என்று வேறு பீற்றிக்கொண்டேன். நேற்று வெறும் சட்டத்தின் மேல், தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்தேன். துண்டு இருந்தால் குமிழி ஓரத்துக்கு ஓடுகிறது. துண்டை எடுத்தால் நட்டநடுவில் நிற்கிறது. நாற்காலியில் எந்தக் கோணலும் இல்லை.

நான் வைத்த துண்டு நாலு வருடமாக உன்னை வலிக்கிற பக்கமாகவே தள்ளியிருக்கிறது. ஒரு நாள் அதைக் காலால் தட்டிவிட்டிருக்கலாமே. தட்டிவிட்டால் கத்துவேன் என்று பயந்தாயோ, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டாயோ. நீ வாய்விட்டு வலிக்கிறது என்ற அன்றும், நடந்தா எல்லாம் சரியாப் போயிடும் என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

பதினெட்டாம் தேதி ஆபரேஷன் என்று மருமகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு அத்தை சொன்னாங்க மாமா என்று இழுத்தார். உனக்கு இடுப்பு மூட்டு மாற்றப் போகிறார்கள், எனக்கு மூன்றாம் மனிதனுக்கு வருவது போலச் செய்தி வருகிறது. கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஸ்பாஞ்சைப் பார்த்த பிறகு அந்தக் கோபத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

புது நாடா இழுத்துக் கட்டிவிட்டேன். துணிதான் வாங்கவில்லை. கடையில் பச்சையும் பழுப்பும் எடுத்துப் போட்டார்கள். உனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. வெறும் கையோடு வந்துவிட்டேன்.

பதினேழாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வராதே என்றால் ரத்து செய்துவிடுகிறேன், இந்த முறை நானே முடிவு கட்ட மாட்டேன். அறைக்குள் வேண்டாம் என்றால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். நீ பேசக்கூட வேண்டாம். பச்சையா பழுப்பா என்று மட்டும் மகளிடம் சொல்லி அனுப்பு, நான் கிளம்பி வருகிறேன்.

நல்லபடியாக எழுந்து நடப்பாய். எழுந்து வந்து, இந்த நாற்காலியில் ஒரு நாளாவது நேராக உட்காரம்மா.

இப்படிக்கு,
உன்னுடைய ‘என்னங்க’