விற்பனைக்கு: ஒருவர் மட்டுமே ஓட்டிய வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடுப்பு மட்டும் தனிக்கட்சி. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், அப்படி இல்லாவிட்டாலும் இருக்கிறோம் என்றே பதில் போடு, உன் கடிதத்தை உன் அம்மா சத்தமாகப் படிப்பாள். தினமும் போனில் வளவளவென்று பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நீ பயப்படலாம். பயப்படத்தான் வேண்டும். போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், அதனால் ஆபீசில் வரைபட மேசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதுகிறேன். விஷயம் இதுதான்: பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ நம் ஜப்பான் வண்டியைப் பின்னால் எடுத்து கேட் தூணில் இடித்தாயே, நானும் நீயும் காதும் காதும் வைத்ததுபோல் அதைச் சரிசெய்து அம்மாவிடம் மூச்சு விடாமல் இருந்தோமே, அது போன ஞாயிற்றுக்கிழமை வெளியே வந்துவிட்டது.

எப்படி என்று கேள். வண்டியை விற்பதாக உன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்படி ஆகிவிட்டது. அது எவ்வளவு தாழ்வான வண்டி என்று உனக்குத் தெரியும், உட்காருவதற்குப் பதில் படுத்தே ஓட்டலாம். போன மாதம் ஒரு காலை ஆபீஸ் வாசலில் போய் நிறுத்தினேன், இறங்க முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் கையைப் பிடிக்க, டீ கொண்டுவருகிறவர் தோளைப் பிடிக்க, கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்குவதுபோல் தூக்கி வெளியே போட்டார்கள், எங்கள் பிரிவு முழுக்க ஜன்னலில் நின்று பார்த்தது. டாக்டர் இனி இதை ஓட்டக் கூடாது என்றுவிட்டார். ஓட்டாமல் ஷெட்டிலேயே வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். உன் அம்மா என்னை வைக்கோல்போர் நாய் என்றாள், தானும் தின்னாது மாட்டையும் தின்ன விடாதாம். அப்போது அந்த மாடு யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை பார். மாதக் கடைசிக்குள் வண்டி போயாக வேண்டும் என்று கெடு வைத்தாள். மனசு கேட்கவில்லைதான், இருபத்தாறு வருஷம், உனக்கு மூன்று வயதில் வந்த வண்டி, ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே.

விளம்பரத்தை நானே எழுதினேன். பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு கதவு, இரண்டு இருக்கை, பொத்தானை அழுத்தினால் எழுந்து பார்க்கும் முகப்பு விளக்குகள் என்று எழுதினேன். இடது விளக்கு தூக்கக் கலக்கத்தில் இரண்டு நிமிஷம் கழித்துத்தான் எழும் என்பதை எழுதவில்லை. கடைசியில், ஒருவர் மட்டுமே ஓட்டியது, எங்குமே இடிபடாதது என்று முத்தாய்ப்பு வைத்தேன். நீ இடித்ததை மறந்தா எழுதினேன்? பெற்ற பெண் இடித்தால் அது இடியா என்று என் மனசாட்சியை ஒருமாதிரி சமாதானப்படுத்தினேன். முதலில் ஒரு பல் டாக்டர் வந்தார், எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, பையனுக்கு வாயெல்லாம் பல், பெண்ணுக்கும் பிடித்துத்தான் இருந்தது, உங்கள் அம்மாவை எங்கே உட்காரவைப்பது என்று மட்டும் கேட்டாள், அவ்வளவுதான், இருவரும் தெருமுனை வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். வந்தவர்களெல்லாம் போகப் போக எனக்கு உள்ளூரக் குஷி. உன் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பழைய வண்டிகளாகத் தேடி வாங்கி வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறாராம், வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார், பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். அடியில் தகடு இருந்தால் காந்தம் ஒட்டுமாம், இடிபட்ட இடத்தில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒட்டாதாம்.  உன் அம்மா வேறு டீ கொண்டுவந்து அங்கேயே நின்றுவிட்டாள். வண்டி முழுக்கத் தடவிக்கொண்டே போனவர் பின்பக்கம் உன் இடத்துக்கு வந்ததும் காந்தம் தொப்பென்று கீழே விழுந்தது. வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுக் கதவுக்கு அடியில் வைத்தார், அங்கேயும் விழுந்தது. அது நான் வாங்கிய முதல் வாரத்தில் அதே தூணில் உரசியது, உன் அம்மாவிடம் மட்டுமில்லை, உன்னிடமும் நான் சொன்னதே இல்லை. இரண்டோடு போயிற்று என்று நான் மூச்சு விடுவதற்குள் முன்னால் விளக்குக்குக் கீழே வைத்தார், மூன்றாவது முறையும் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தெரியாது. நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா துணிக்கொடியைப் புதிதாகப் பார்ப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் நிமிர்ந்து, “ஒருத்தர் மட்டும் ஓட்டினதுன்னு போட்டிருந்தீங்களே சார்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், “முன்னாடி இருக்கறது நான் இடிச்சதுங்க” என்றாள் உன் அம்மா, டீத் தட்டைப் பிடித்தபடியே.

லைசென்ஸே வைத்திருக்கிறாளாம், தையல் பெட்டியில் ஊசி டப்பாவுக்கு அடியில். நீ பத்தாவது படிக்கும்போது நான் குழாய்ப் பாதை அளக்கப் பதினைந்து நாள் வெளியூர் போனேனே, தினமும் நீ பள்ளிக்கூடம் போனதும் எடுத்து ஓட்டியிருக்கிறாள், கடைசி நாள் தூண். பெட்ரோல் குறைந்ததற்கு உன்னை நான் தாம்தூம் என்று குதித்தேன், அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், அந்த மனுஷர் எதிரிலேயே. “இந்த வண்டி உன் கைக்கு அடங்காதுன்னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. அடங்குதான்னு பாத்தேன்” என்றாள். நான் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன் மகளே, என்றைக்கு யார் எதிரில் என்றுகூட நினைவில்லை. சொன்னவனுக்கு மறந்துவிடுகிறது, கேட்டவளுக்கு எந்தப் புடவை கட்டியிருந்தோம் என்பது வரைக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கோபத்தையும் வெட்கத்தையும் யார்மேலாவது காட்ட வேண்டுமே, நம் டிங்கரிங் கடை அண்ணனைப் போனில் பிடித்தேன். மூன்றையும் பட்டி பார்த்தது அவர்தான், நான் தனியாக, உன் அம்மா தனியாக, நீயும் நானும் சேர்ந்து என்று மூன்று முறை போயிருக்கிறோம். இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொன்னீரா என்று கத்தினேன். “உங்க வீட்டு ரகசியத்தை உங்க வீட்டுக்கே எப்படி சார் சொல்றது” என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, உன்னுடையதும் என்னுடையதும் அங்கேயே உன் அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று.

கையுறைக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். மறுநாள் எனக்கு இடுப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும், ஆட்டோ கூப்பிடப் போனவனை நிற்கச் சொல்லி உன் அம்மா ஷெட்டைத் திறந்தாள். என்னை மடக்கிப் பக்கத்து இருக்கையில் திணித்துவிட்டு, கதவைச் சாத்தி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், இருபத்தாறு வருஷமாக நான் தவிர யாரும் தொட்டதில்லை என்று நான் நினைத்திருந்த கண்ணாடி. தூணைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு என்றைக்கும் கரகரவென்று முனகிக்கொண்டே விழும் மூன்றாம் கியர் அவளுக்கு வெண்ணெயாக விழுகிறது, எனக்குப் பற்றி எரிந்தது. சிக்னலில் ஒரு பைக்காரன் வண்டியைப் பார்த்துவிட்டு அவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், அவளும் பெரிய பந்தயக்காரி மாதிரி தலையை அசைத்தாள். எனக்கு ஒருவரும் காட்டியதில்லை. நேற்று அந்தக் கையுறைக்காரர் கூப்பிட்டு, பட்டி இருந்தாலும் பரவாயில்லை, கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வர, போனைக் கையால் பொத்திக்கொண்டு உன் அம்மாவைப் பார்த்தேன். போனை வாங்கி, “மன்னிக்கணும், வண்டி கைமாறிடுச்சுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், அந்த ஊர்க் குளிரில் தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. முக்கியமான நினைவூட்டல்: வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் தூணைப் பற்றி உன்னைக் கேட்பாள், முதலில் நீ மன்னிப்புக் கேட்டுவிடு, பிறகு அவளுடையதைக் கிளறு, என்னுடையதைக் கிளறாதே. வண்டி விற்கவில்லையே என்று சந்தோஷப்படத்தான் நினைக்கிறேன், ஆனால் விற்றிருந்தால் காசாவது வந்திருக்கும், இப்போது காசும் இல்லை, சாவி அவள் கைப்பையில் இருக்கிறது, கேட்டால் உங்கள் கைக்கு அடங்காது என்கிறாள்.

இப்படிக்கு,
பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா