இரண்டு இடத்தில் கேட்ட குரல்

அஸ்தினாபுரம்
8.6.1986

அன்புத் தம்பி லாசரசுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் கிருபாவும் நலமா?

போன ஞாயிறு பினாங்கில் இருக்கும் உன் அண்ணனோடு நீ ரேடியோவில் பேசியதைக் கேட்டேன். அதுவும் இரண்டு இடத்தில்! ஒன்று லைசென்ஸ் எடுத்து வீட்டிலிருந்து பேசும் நம்மைப் போன்ற அமெச்சூர்களுக்கு அனுமதித்த அலைவரிசையில். இன்னொன்று அதற்குக் கீழே, நாம் வாயே திறக்கக் கூடாத இடத்தில். காப்பி கொண்டுவந்த பொன்னியம்மாள், "இன்னாங்க, லாசரஸ் தம்பி ரெண்டு வூட்ல குடித்தனம் பண்ணுதா?" என்று சிரிக்கிறாள்.

உன் டிரான்ஸ்மிட்டரில் ஏதோ கோளாறு. உடனே பார். ரேடியோவில் விடைபெறும்போது சொல்லும் 73-ஐயே இங்கும் போடுகிறேன்.

73
ஜெயவேலு

செம்பாக்கம்
17.6.1986

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

பல்லாவரம் சவுரிமுத்துவைக் கேட்கச் சொன்னேன். அவருடைய செட்டில் என் குரல் ஒரே இடத்தில்தான் வருகிறது. கோபிக்காதீர்கள் அண்ணா, கோளாறு உங்கள் ரிசீவரில் இருக்கிறது. பக்கத்திலிருந்து பலமான சிக்னல் வந்தால் அது தனக்குள்ளேயே ஒரு நிழலை உண்டாக்கிக்கொள்கிறது. உங்களுக்கு அருகில் பேசுகிறவன் நான் ஒருவன்தான். அதனால் என் குரல் மட்டும் இரட்டிக்கிறது. செட்டைச் சவுரிமுத்து வீட்டில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள், அவர் குரலும் இரட்டிக்கும்.

லைசென்ஸ் கொடுக்கும் மேலிடத்துக்கு என்னைப் பற்றி எழுதப்போவதாக நேற்று ரேடியோவில் சொன்னீர்களாம். வேண்டாம் அண்ணா. என் அண்ணன் தேவானந்தத்துக்குப் பார்வை போய்விட்டது உங்களுக்குத் தெரியும். கடிதத்தைப் பிறர் வாசித்துக் காட்ட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம்.

73
லாசரஸ்

அஸ்தினாபுரம்
24.6.1986

லாசரசுக்கு,

மிலிட்டரி ஏலத்தில் எடுத்த செட் என்னுடையது. நீ சாலிடரிங் கம்பியைக் கையில் பிடிக்கும் முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறேன். சவுரிமுத்து வீட்டுக்கு என் செட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுத வேண்டுமா? நன்றாயிருக்கிறது உன் மரியாதை!

எழுதிவிட்டேன். என் காதால் கேட்டதை எழுதினேன், கூட்டிச் சொல்லவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஜெயவேலு

அஸ்தினாபுரம்
4.9.1988

அன்புத் தம்பிக்கு,

உன் மேலிருந்த தடை நீங்கி லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டதாமே, சந்தோஷம். நடந்ததை நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்துவிடு. மனதில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

ஜப்பான் செட் ஒன்று வாங்கியிருக்கிறேன். பழைய ரிசீவரைச் சவுரிமுத்து மூலமாகத் தள்ளிவிட்டேன். ஞாயிறு காலை ரேடியோவில் கூப்பிடுகிறேன், பதில் சொல். பொன்னியம்மாள் கிருபாவை விசாரித்தாள். பினாங்கு அண்ணன் சுகமா?

73
ஜெயவேலு

செம்பாக்கம்
12.9.1988

திரு. ஜெயவேலு அவர்களுக்கு,

உங்கள் பழைய ரிசீவரைச் சவுரிமுத்துவிடமிருந்து வாங்கியது நான்தான். நேற்று ஞாயிறு நீங்கள் என்னைக் கூப்பிட்டதை அதில் கேட்டேன். இரண்டு இடத்தில் கேட்டேன். என் குரல் எங்கே வந்ததென்று எழுதிப்போட்டீர்களோ, அதே இடத்தில் உங்கள் குரலும் வந்தது.

பயப்பட வேண்டாம், மேலிடத்துக்கு எழுத மாட்டேன்.

அண்ணன் சுகமா என்று கேட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் இறந்துவிட்டார். எனக்குப் பேசத்தான் தடை, கேட்கத் தடை இல்லை. தடை வந்த விஷயத்தை அவருக்குக் கடிதத்தில் எழுதியிருந்தேன், அவர் மகன் வாசித்துக் காட்டியிருந்தான். ஆனாலும் ஞாயிறு தவறாமல் மைக் முன்னால் உட்கார்ந்தார். "லாசரசு, நீ கேட்டுக்கிட்டு இருப்பேடா, எனக்குத் தெரியும்" என்பார். சாப்பிட்டது, தூங்காதது, அம்மா ஞாபகம் எல்லாம் சொல்வார். நடுவில் நான் பதில் சொல்வதற்கு இடம் விட்டுச் சும்மா இருப்பார். பிறகு அவரே தொடர்வார். கிருபா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். நான் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை பேசியிருந்தால் லைசென்சே ஒரேயடியாகப் போயிருக்கும், பிறகு அவரோடு என்றைக்குமே பேச முடியாது என்று பொறுத்துக்கொண்டேன். பொறுத்தது வீணாகப் போனது.

உங்களை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. மன்னிக்க முடியவில்லை, முயற்சியும் செய்யவில்லை.

இனியும் ஞாயிறு காலையில் கூப்பிடுவதென்றால் கூப்பிடுங்கள். உங்கள் பழைய செட்டின் முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். இரண்டு இடத்திலும் கேட்பேன். பதில் சொல்ல மாட்டேன்.

73 போட மனம் வரவில்லை.

லாசரஸ்