உரம் எடுத்த பிள்ளை

ராசாமணி,

நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று பாபநாசசாமியை வேண்டிக்கொண்டு உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான் சொல்ல முடியும். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, லீவு முடிந்து பாக்கியசீலன் துபாய்க்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிழை இருந்தால் கூட்டி வாசித்துக்கொள். உன் பாப்பாவை ஆற்றோரம் மருத மரத்தடியில் அடக்கம் பண்ணினோம். மழையில் மண் அமுங்கிவிட்டது, உன் மாமா போய் மண் அள்ளிப் போட்டு, நாய் தோண்டாமல் இருக்க முள் வெட்டி வைத்துவிட்டு வந்தார்.

வேணி டயப்பரை மாற்றாமல் போட்டுப் பிள்ளையைக் கொன்றுவிட்டாள், அவளை அவள் வீட்டுக்கே அனுப்பிவிடச் சொல்லு என்று பாக்கியசீலனிடம் சொன்னாயாமே. கட்டின பெண்டாட்டியை இப்படியா சொல்வது? நடந்ததைக் கேளப்பா. பிள்ளை காய்ச்சலில் பால் குடிக்காமல் அழுதபோது, தூக்கும்போது எங்கேயோ சுளுக்கி உரம் விழுந்திருக்கும் என்று எல்லாரும்தான் சொன்னோம், நீயும் போனில் அதைத்தான் சொன்னாய். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தோம். பிள்ளை அசந்து தூங்கியது, சரியாகிவிட்டது என்று இருந்தோம். வேணி மட்டும், அத்தே, பிள்ளை ஒண்ணுக்குப் போகும்போதுதான் வீறிடுது, மூத்திரம் ஒரு மாதிரி நாறுது, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உன் அக்கா முத்துராணி, பின்ன என்ன, பிள்ளை மூத்திரம் பிச்சிப்பூவாட்டம் மணக்குமாக்கும் என்றாள், எல்லாரும் சிரித்தோம். மறுபடியும் உரம் எடுத்தோம். அதற்குப் பிறகு பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதை எழுதுகிறேன். அது எல்லார் குடலிலும் இருக்கிற கிருமிதானாம், அங்கே கிடக்கிற மட்டும் ஒன்றும் செய்யாதாம். மூத்திரப் பாதையில் ஏறிவிட்டால் கைப்பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வரைக்கும் போய் ரத்தத்தில் கலந்துவிடுமாம். வெளியே காய்ச்சலும் அழுகையும்தான் தெரியுமாம். முதலிலேயே மூத்திரத்தைச் சோதித்து மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். நான் சரியா கழுவலையா டாக்டர் என்று வேணி கேட்டாள். எம்புட்டு சுத்தமா வச்சாலும் வரும்மா, உன் மேல குத்தமில்ல என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அவள் நம்பவில்லை. பிள்ளையின் துணிகளைத் துவைத்துக் காயப்போட்டு, காய்ந்ததைத் திரும்பவும் துவைக்கிறாள், கையெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. சோறு இறங்கவில்லை. இப்படியே விட்டால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஒரு வார்த்தை பேசினால் தேறுவாள். அவளை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன், நீ வைதாலும் சரி.

வெயிலில் நிற்கிற வேலை, தண்ணீர் நிறையக் குடி, ஒண்ணுக்கு வந்தால் அடக்கிக்கொண்டு நிற்காதே. காந்திமதித் தாய் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இதை வாசித்த கையோடு வேணிக்குப் போன் போடு, மறந்துவிடாதே.

உன் அம்மா,
இசக்கித்தாய்

இன்னொன்று, அவளுக்குப் பால் இன்னும் வற்றவில்லை. ரவிக்கை நனைந்ததும் எழுந்து தொட்டில் பக்கம் போகிறாள், திரும்பி வந்து, இத நான் யாருக்குக் குடுக்க அத்தே என்று என்னைக் கேட்கிறாள். நான் என்னப்பா சொல்ல?